இராயப்பரின் தூண்டில்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குக் கடல் என்பது வெகு தொலைவு. மேற்கே மலை, தெற்கே மலை, கிழக்கே மேகமலை. நடுவே நெல்வயல்களும் திராட்சைப் பந்தல்களும். எங்கள் பாட்டி எண்பது வயது வாழ்ந்தும் கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் இப்பள்ளத்தாக்கில் ஓர் ஊர் மீனவர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது இராயப்பன்பட்டி. பேதுரு என்று இன்று நாம் வழங்கும் தலைமைத் திருத்தூதரை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். தூத்துக்குடிக் கடற்கரை மக்கள் எந்தத் தாயைத் தங்கள் காவலியாகக் கொண்டார்களோ, அந்தப் பனிமய மாதாவே இவ்வூர்க் கோயிலுக்கும் பாதுகாவலி.

இராயப்பர் என்றதும் நம் நினைவுக்கு வருவது வலை. வலை கிழியுமளவு விழுந்த மீன்கள், உயிர்ப்புக்குப் பின் எண்ணிப் பார்த்த 153 பெரிய மீன்கள் என்று கோயிற் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் நற்செய்தியில் அவர் ஒரே ஒருமுறை தூண்டில் போட்டதும் உண்டு. மத்தேயு 17ஆம் அதிகாரத்தில், ஆலய வரி கேட்டு ஆட்கள் வந்தபோது, கடலுக்குப் போய்த் தூண்டில் போடு என்கிறார் ஆண்டவர். முதலில் வரும் மீனின் வாயில் ஒரு நாணயம் இருக்கும். அது இருவருக்கும் உரிய வரிக்குச் சரியாகும். ஒரு மீன், ஒரு நாணயம். இரண்டாவது மீனைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதை எனக்கு எடுத்துக்காட்டியவர் என் தாய்மாமன். பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். அரை ஏக்கர் திராட்சைப் பந்தலும், ஒரு மூங்கில் தூண்டிலும் அவருடைய சொத்து. மார்கழி பிறந்துவிட்டால் காலைப் பூசை முடிந்ததும் மிதிவண்டியில் உத்தமபாளையத்து ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். நரம்பு, முள், ஈயக்குண்டு, மயில் இறகின் தண்டில் செய்த தக்கை, தேங்காய்ச் சிரட்டையில் ஈரமண்ணோடு மண்புழு, இவ்வளவுதான் கருவி. கெண்டைக்கு மண்புழுவைவிடக் கோதுமை மாவு உருண்டை மேல் என்பது அவர் கட்சி; அதில் சிறிது பெருங்காயம் கலப்பதைத் தொழில் இரகசியமாக வைத்திருக்கிறார். ஊரில் அதை அறியாதவர் இல்லை.

மழைக்காலத்தில் அவர் தூண்டிலைத் தொடமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகள் பெருகிச் செந்நீராய் ஆற்றில் கலக்கும்போது, சினை முற்றிய மீன்கள் வெள்ளத்தை எதிர்த்து ஏறும். கூடையும் கொசுவலையும் கொண்டு அவற்றை அள்ளுவோர் பலர். "வயிற்றுப் பிள்ளையோட மலையேறுறவளை வழிமறிக்கலாமா?" என்பார் மாமா. வெள்ளம் வடிந்து, நீர் தெளிந்து, காலைப்பனி ஆற்றின் மேல் படரும் மார்கழியிலும் தையிலும்தான் அவருடைய பருவம். குளிரில் மீன் மந்தமாயிருக்கும். இரையைக் கவ்வாமல் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு கெண்டை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்திற்கு வீட்டில் மீன் குழம்பா, கத்தரிக்காய்க் குழம்பா என்பதை அத்தை அவர் மிதிவண்டி மணி அடிக்கும் விதத்திலேயே அறிந்துகொள்வார்.

இந்த ஆறு பிற ஆறுகளைப் போன்றதன்று. மேற்கே போய்க் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றைப் பென்னிகுயிக் 1895ல் அணை கட்டி முடித்துத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். தேக்கடியில் மதகு திறந்தால் லோயர் கேம்ப் வழியாகக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று முல்லையாறு நிறைந்து ஓடி, தேனிக்கு அப்பால் வைகையோடு சேரும். நல்ல ஆண்டுகளில் ஜூன் முதல் நாளில் முதல் போகத்திற்குத் தண்ணீர் திறப்பார்கள். அதற்கு முன்னுள்ள கோடை மாதங்களில் ஓட்டம் மெலிந்து, மீன்கள் எல்லாம் ஆங்காங்கே மடுக்களில் ஒதுங்கும். இந்த மடுக்களில்தான் மீனினத்தின் வாழ்வும் சாவும் தீர்மானமாகின்றன.

ஏனெனில் மடுவில் தூண்டில் போடுவோர் குறைவு. பிளீச்சிங் பொடி கரைப்போர் உண்டு. மின்கலத்திலிருந்து கம்பி இழுத்து நீரில் விடுவோர் உண்டு. முன்னாளில் கிணறு வெட்டுவோரிடமிருந்து தோட்டா வாங்கி எறிவோர் இருந்தனர். மாமாவின் இளமைத் தோழர் ஒருவர் அப்படித்தான் வலக்கையை மணிக்கட்டோடு இழந்தார். பிற்காலத்தில் இடக்கையால் சிலுவை வரைந்துகொள்ளும் அவரைக் கோயிலில் கண்ட சிறுவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பது குற்றம் என்று 1897லேயே இந்திய மீன்வளச் சட்டம் சொல்லிவிட்டது. பெரியாற்றுத் தண்ணீர் நமக்கு வந்து இரண்டே ஆண்டுகளில் வந்த சட்டம் அது. தோட்டாவோ மின்சாரமோ பெரிது, சிறிது, சினை, குஞ்சு என்று பார்ப்பதில்லை. குழம்புக்கு ஆவது கால்பங்கு. மீதி வயிறு மேலாக மிதந்து போகும்.

இப்படியிருக்க, அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலக் கடற்கரையில் வேலை பார்க்கும் என் தம்பி, சென்ற குளிர்காலத்தில் மாமாவின் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினான். கம்பளித் தொப்பியும், மார்பு வரை ஏறிய இரப்பர்க் காற்சட்டையுமாய், கடல்நீரில் இடுப்பளவு நிற்கிறான். கையில் ஒரு முழத்துக்கும் மேற்பட்ட வெள்ளி மீன். அதன் பக்கங்களில் ஏழெட்டுக் கரிய கோடுகள். ஸ்டிரைப்டு பாஸ் என்பது அதன் பெயர். சாயலில் நம் கடற்கரைக் கொடுவாவை ஒத்தது என்பதால் வரிக்கொடுவா என்று அவன் பெயரிட்டுக்கொண்டான். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. கொடுவா கடலின் ஓரத்தில் முட்டையிட்டுக் கழிமுகங்களிலும் ஆறுகளிலும் வளரும். வரிக்கொடுவாவோ கடலில் வாழ்ந்து, வசந்தத்தில் நன்னீர் ஆறுகளில் ஏறி முட்டையிடும். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து இறங்கி வர்ஜீனியா, வட கரோலினாக் கடலோரங்களில் கூட்டமாய்த் தங்கும். உறைபனிக் காற்றில் விரல் மரத்துப்போக அதைத் தேடிப் போவது அங்கே பலருக்குப் பெரும் இன்பம்.

மாமா படத்தை உருப்பெருக்கிப் பார்த்தார், பிறகு அழைத்தார். "மீன் எத்தனை கிலோடா? குழம்பா, வறுவலா?"

"விட்டுட்டேன் மாமா."

"கை நழுவிருச்சா?"

"இல்ல மாமா, நானேதான் திரும்பத் தண்ணியில விட்டேன்."

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிடிச்ச மீனை விட்டுட்டு வர்றதுக்கா இவ்வளவு தூரம் போனான்?"

தம்பி பிடித்த முறையும் மாமாவுக்குப் புதுமை. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழும். அவன் தூண்டிலில் நூலே கனமானது. முள்ளோ காற்றில் மிதக்கும் அளவுக்கு இலேசு. கழியை முன்னும் பின்னும் வீசி, நூலைச் சாட்டைபோல் காற்றில் விரித்து, அதன் வேகத்தால் முள்ளைச் சேர்ப்பிக்க வேண்டும். முள்ளில் இரை இல்லை. மான்வால் மயிரும் இறகும் பளபளக்கும் இழையும் சேர்த்துக் கட்டிய ஒரு பொய் மீன்குஞ்சுதான். ஆதியில் பூச்சிகளைப் போலக் கட்டியதால் ஆங்கிலத்தில் இதற்கு ஈ என்று பொருள்படும் 'ஃப்ளை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மேரிலாந்து மாநிலத்து லெஃப்டி கிரே என்பவர் இந்த மீனுக்கென்றே கட்டிய ஒரு பொய்க்குஞ்சை 1991ல் அந்நாட்டு அஞ்சல்தலையிலும் அச்சிட்டார்கள். ஏமாற்றுக்காரன் என்பது அதன் பெயர்!

இது நேற்று வந்த வேடிக்கையன்று. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த எலியன் என்ற எழுத்தாளர், மாசிடோனிய நாட்டு ஆறு ஒன்றில் முள்ளைச் சிவப்புக் கம்பளியால் சுற்றி இரண்டு சேவல் இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். சின்னப்பர் நற்செய்தி சொல்லச் சென்ற அதே மாசிடோனியா. 1496ல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்றில் பன்னிரண்டு வகைப் பொய் ஈக்களைக் கட்டும் முறை இருக்கிறது. அந்நூலை இயற்றியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியர் மடத் தலைவி என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். யார் எழுதினாலும் கத்தோலிக்க நெஞ்சம் ஒன்று எழுதியது என்பதில் ஐயமில்லை. பணத்துக்காக அன்றி உடலுக்கும் ஆன்மாவுக்கும் நலம் தேடித் தூண்டில் போடு, தனிமையில் உன் செபங்களைச் சொல், பேராசைப்பட்டு ஒரே நாளில் மிகுதியாகப் பிடிக்காதே என்று அது அறிவுரை சொல்கிறது. நமக்கு மேலே, போடிமெட்டைத் தாண்டிய மூணாற்று ஓடைகளிலும் தேயிலைத் தோட்டத் துரைமார்கள் டிரவுட் மீனை விட்டு இந்தத் தூண்டிலைத்தான் வீசினார்கள்.

மடத்துத் தலைவியின் செய்தியை மாமா மகிழ்ச்சியோடு கேட்டார். மீனை விடுவதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. "பசிக்காகப் பிடிக்கிறது கடவுள் கொடுத்த உரிமை. விளையாட்டுக்கு வாயைக் குத்தி விடுறது என்ன தர்மம்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்றே இன்றும் எண்ணுகிறேன். விட்ட மீன்களிலும் சில பிறகு மடிகின்றன என்பதைத் தம்பியே ஒப்புக்கொண்டான். அதற்காகவே மீன் நழுவாதபடி முள் நுனியருகே பின்னோக்கியிருக்கும் சிறு கூரை அவன் இடுக்கியால் நசுக்கிவிடுகிறான். கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொடுகிறான். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழவழப்பு நீங்கி நோய் பற்றும். "அதை நான் அம்பது வருசமாச் செய்றேன்" என்றார் மாமா, சற்றே இளகி.

பிறகு தம்பி சட்டத்தைச் சொன்னான். 1970களின் இறுதியில் அந்த மீன் அங்கே அருகத் தொடங்கிற்று. 1984ல் அமெரிக்கக் காங்கிரஸ் அதைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. மேரிலாந்தில் 1985 முதல் 1990 வரை அதைப் பிடிக்கவே தடை. வலைக்காரர் வயிற்றில் அடித்த தடைதான். ஆனால் மீன் திரும்பிற்று. 1995ல் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். பிறகு மறுபடியும் அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததால் 2019ல் மீண்டும் அபாய மணி. 2024ஆம் ஆண்டு விதியின்படி திறந்த கடலோரத்தில் தூண்டில்காரர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரே மீன். அதுவும் 28 அங்குலத்திற்குக் குறையாமலும் 31 அங்குலத்தைத் தாண்டாமலும் இருக்கவேண்டும். சிறியது வளரட்டும் என்பது நமக்கு விளங்கும். பெரியதை ஏன் விடவேண்டும்? பெரியவை பெரும்பாலும் தாய்மீன்கள். பருத்த தாய் இலட்சக்கணக்கில் முட்டையிடும்.

"ஒரு நாளைக்கு ஒரு மீன்" என்று மாமா இருமுறை சொல்லிப் பார்த்தார். அப்போதுதான் எழுந்து போய்ப் பைபிளை எடுத்துவந்து, மத்தேயு 17ஐ எங்களுக்கு வாசித்தது.

அந்த மீன் எது என்பதில் ஒரு சுவையான வழக்கு உண்டு. கலிலேயாவுக்குத் திருப்பயணம் போவோருக்கு உணவகங்களில் 'பேதுரு மீன்' என்று பொரித்து வைப்பது நம் ஜிலேபிக் கெண்டையின் உறவு. ஆனால் கலிலேயக் கடலின் மீன்பிடி முறைகளை ஆராய்ந்த மெண்டல் நூன், அந்த மீன் தூண்டில் இரையைக் கவ்வுவதில்லை, வலையில்தான் விழும் என்றார். அவர் கணிப்பில் இராயப்பரின் தூண்டிலில் அகப்பட்டது மீசையுள்ள கெண்டையினம். அதாவது, பெரியாற்று மகசீருக்கு உறவு.

நம் மகசீரின் கதை மகிழ்ச்சியானதன்று. 1941ல் சுந்தரராஜ் என்ற மீனியல் அறிஞர் பெரியாற்று ஏரியிலிருந்து உலகம் அதுவரை அறியாத மீன்களை விவரித்து எழுதினார். அவற்றில் லெபிடோபைகாப்சிஸ் என்பது அந்த ஏரியையும் அதன் ஓடைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இன்று அவ்வேரியில் வெளியிலிருந்து வந்த சாதாக்கெண்டையும், 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபியும் பெருகி, பூர்வீக மீன்களை ஓடைகளின் மூலைகளுக்குத் தள்ளிவிட்டன. கீழே முல்லையாற்றிலும் ஜிலேபியின் ஆட்சிதான். அதைப் பிடிப்பதற்கு மட்டும் எந்த அளவும் வேண்டாம் என்பது மாமாவின் தீர்ப்பு. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

தம்பி பார்சலில் அனுப்பிய மான்மயிர் முள்ளை இந்த மார்கழியில் மூன்று காலை முல்லையாற்றில் வீசிப் பார்த்தார். ஒன்றும் கடிக்கவில்லை. நான்காம் நாள் பழையபடி மாவுருண்டைக்கே திரும்பினார். ஆனால் மூங்கில் கழியின் அடியில் கத்தியால் ஒரு கோடு கீறியிருந்தார். அடிமுனையிலிருந்து கோடு வரை ஒரு சாண். அந்தக் கோட்டைத் தொடாத கெண்டை வீட்டுக்கு வராது.

விடுமுறையில் கரைக்கு வரும் பங்குச் சிறுவர்கள் நால்வர் தங்கள் கழிகளிலும் அதுபோலவே கீறிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் போன கோடையில் மின்கலக் கம்பியோடு மடுவில் இறங்கியவர்களுக்குக் கூடை பிடித்தவன். இப்போது நால்வருக்கும் ஓயாத வழக்கு ஒன்று: வாலையும் சேர்த்து அளப்பதா, வாலை விட்டு அளப்பதா? மாமா வர்ஜீனியாவுக்கு அழைத்துக் கேட்டார். வாலை ஒன்றுகூட்டிப் பிடித்து, அதன் நுனி வரை அளக்கவேண்டும் என்று பதில் வந்தது. "அப்ப நேத்து விட்டது அளவு சரியா இருந்திருக்கும்" என்று அத்தை அடுப்படியிலிருந்து சொன்னார்.