காய்ந்த இலைக்கும் தேதி உண்டு!

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குப் போகிற வாய்ப்பு கிடைச்சா, அக்டோபர் மாசமாப் பார்த்துப் போங்க பாஸ்! நேரா அர்னால்டு அர்போரேட்டம் பக்கம் வண்டியை விடுங்க. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மரப்பூங்கா. 1872-ல் ஆரம்பிச்சது. 281 ஏக்கர். டிக்கெட்..? இலவசம்!

அங்கே கண்ணைப் பறிக்கிறது சிவப்பு மேப்பிள். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிதான் இதுக்குச் சொந்த மண். வசந்தம் தொடங்கியதும், இலை வர்றதுக்கு முன்னாடியே குட்டிக் குட்டியாய்ப் பூத்துடும். இலையுதிர் காலத்தில் மரமே தீப்பிடிச்ச மாதிரி சிவக்கும். கேமராவுக்குச் செம தீனி!

ஆனா, அந்தக் கலர் எல்லாம் சில வாரம்தான். உதிராத மேப்பிள் இலை வேணுமா? சார்லஸ் ஆற்றைத் தாண்டி கேம்பிரிட்ஜ் போகணும். அங்கேதான் ஹார்வர்டின் ஹெர்பேரியம் இருக்கு. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள்! பூவோடும் இலையோடும் கிளையை ஒடிச்சு, அழுத்திக் காயவெச்சு, கெட்டித் தாளில் ஒட்டி வெச்சிருப்பாங்க. நிறம் போய்ப் பழுப்பாகி இருக்கும். 'இதைப் போயா பார்க்கச் சொன்னே?'னு முறைக்காதீங்க. தாளின் மூலையில் இருக்கிற லேபிளைப் படிங்க. யார் பறிச்சது, எந்த இடம், என்ன தேதி... மேட்டரே அதில்தான் இருக்கு!

அர்போரேட்டத்துச் செடி, மரங்களின் பழைய தாள்களை எடுத்துக்கிட்டு, அதே மரங்கள் இப்போ எப்போ பூக்குதுன்னு ஒப்பிட்டுப் பார்த்தார் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரைமாக். 2004-ல் வெளியான அவர் குழுவின் ஆய்வு சொன்ன சேதி: 1900-1920 காலத்தைவிட, 1980-2002 காலத்தில் சராசரியா 8 நாள் முன்னாடியே பூத்திருக்கு. காரணம், ஊர் சூடாகிட்டு வருது. இதுக்குச் சாட்சி... வெறும் காய்ந்த கிளைகளும் சில தேதிகளும்!

இப்படிப்பட்ட சாட்சிகளுக்கே இப்போ இடப் பிரச்னை. வடக்கு கரோலினாவில் இருக்கிற டியூக் பல்கலைக்கழகம், சுமார் 8.25 லட்சம் மாதிரிகள் கொண்ட தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதா 2024-ல் அறிவிச்சது. தாவரவியலாளர்கள் கொதிச்சுட்டாங்க. பின்னே? மரத்தைத் திரும்ப நடலாம். 1905-ம் வருஷத்து வசந்தத்தைத் திரும்ப நட முடியுமா?

பாட்டனி நண்பர்களே, உங்க ரெக்கார்டுக்கும் ஹெர்பேரியம் ஷீட் ஒட்டுவீங்கல்ல? பிராக்டிகலுக்கு முதல் நாள் ராத்திரி வேலியோரம் பறிச்சதுக்கு, மனசுக்குத் தோணின ஊரையும் தேதியையும் எழுதிடாதீங்க. பறிச்ச இடம், பறிச்ச நாள்... உள்ளதை உள்ளபடி எழுதுங்க. மார்க் போடுறவர் கவனிக்காம போகலாம். நூறு வருஷம் கழிச்சு ஒருத்தர் அதை நம்பிக் கணக்குப் போடலாம்!