மலை மேல ஒரு மதர்போர்டு

நெகட்டிவ்னா என்னன்னு உங்க கிளாஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்? பிசிக்ஸ் புத்தகத்துல வர்ற நெகட்டிவ் இல்லீங்க... ஃபிலிம் நெகட்டிவ்! வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா கறுப்புப் பல்லோட, வெள்ளை முடியோட பேய் மாதிரி தெரியுமே, அது.

எங்க வீட்டுல அது 600 ரோலுக்கு மேல இருக்கு. அப்பா கொடைக்கானல்ல டூரிஸ்ட் போட்டோகிராபரா இருந்தவர். கழுத்துல கேமரா, கையில சாம்பிள் ஆல்பம்னு கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, பிரையண்ட் பூங்கா எல்லாம் சுத்துவார். படம் எடுத்து, அட்ரஸ் வாங்கி, பிரிண்ட்டைத் தபால்ல அனுப்பி வைப்பார். பிரிண்ட் அவங்களுக்கு, நெகட்டிவ் நமக்கு. அப்படிச் சேர்ந்த சொத்து, பிஸ்கட் டின்கள்ல தூங்குது.

போன வருஷம் கரூர்ல இருந்து ஒரு பெரியவர் தேடி வந்தார். 1997-ல ஹனிமூன் வந்தாராம். மனைவி இப்ப இல்லை. வீடு மாறினப்போ ஆல்பமும் போயிடுச்சு. அப்பா ரெண்டு நாள் தேடி அந்த ரோலை எடுத்துட்டார். தூண் பாறை பளிச்சுன்னு இருந்தது. அவரும் இருந்தார். பக்கத்துல நின்ன அம்மாவோட முகத்துல மட்டும் பூசணம் பூத்துக் கிடந்தது. அவர் எதுவும் பேசலை. ‘பரவாயில்லை, இதையே குடுங்க’ன்னு வாங்கிட்டுப் போனார்.

அன்னிக்கு ராத்திரியே ‘அப்பா, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம்’னு சொன்னேன். ‘பண்ணி எங்க பாப்பா வைக்கிறது?’ன்னு கேட்டார். நியாயமான கேள்வி!

கணக்கைப் பாருங்க. 3200 டிபிஐ, 48 பிட் கலர்ல ஒரு 35 எம்எம் நெகட்டிவ் ஏறக்குறைய 80 எம்பி. 36 படம் இருக்குற ரோலுக்கு 3 ஜிபி கிட்ட. 600 ரோல்னா 1.8 டிபி. இங்க இருக்குற நெட் ஸ்பீடுல அதை கிளவுடுக்கு ஏத்தி முடிக்கறதுக்குள்ள நான் டிகிரி முடிச்சிடுவேன். அப்புறம் மாசா மாசம் வாடகை வேற. அதனால வீட்டுலயே ஒரு ஸ்டோரேஜ் சர்வர். ‘சர்வர்’னு சொன்னதும் அம்மா ஹோட்டல் சர்வரைத்தான் நினைச்சாங்க, அது தனிக் கதை.

இந்த வேலையில எங்களுக்கு ஒரு பெரிய அண்ணாச்சி இதே ஊர்ல இருக்கார். கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899-ல சென்னையில இருந்து இங்க வந்தது. சூரியப் புள்ளியில வாயு வெளிப்பக்கமா ஓடறதை 1909-ல ஜான் எவர்ஷெட் கண்டுபிடிச்சது இங்கதான். 1904-ல இருந்து வானம் தெளிஞ்ச நாள்லயெல்லாம் சூரியனைப் படம் பிடிச்சு வச்சிருக்காங்க. நூறு வருஷத்துப் பிளேட்டும் ஃபிலிமும்! அதையெல்லாம் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் 4096-க்கு 4096 பிக்சல், 16 பிட்ல டிஜிட்டல் ஆக்கியிருக்கு. ஒரு படம் 32 எம்பி. அதாவது, அப்பா எடுத்த ஒரு ஹனிமூன் ஜோடி சூரியனை விட ரெண்டரை மடங்கு கனம்! (கலர் ஆச்சே.)

சரி, போர்டுக்கு வருவோம். கம்ப்யூட்டர் வாங்கும்போது நம்ம பசங்க முதல்ல பிராசஸர் வேகத்தைத்தான் கேப்பாங்க. ஃபைலை வாங்கி வச்சுக்கிட்டு கேட்டா குடுக்கிற பொட்டிக்கு வேகம் எதுக்கு பாஸ்? எத்தனை ஹார்டு டிஸ்க் மாட்டலாம், எவ்வளவு கரண்ட் குடிக்கும், கரண்ட் போயிட்டு வந்தா தானா எழுந்துக்குமா... இந்த மூணையும்தான் கேக்கணும்.

மதுரையில இருக்குற மாமா பையன் பழைய டெஸ்க்டாப்பைச் சும்மாவே தர்றேன்னான். ஓசி! ஆனா அது சும்மா ஓடறதுக்கே 60 வாட் இழுக்கும். ராத்திரி பகலா ஓடற மெஷின் இது. ரெண்டு மாசத்துக்கு 86 யூனிட் வரும். 2016-ல குடுக்க ஆரம்பிச்ச 100 யூனிட் இலவச கரண்ட்டை இது ஒண்ணே முழுங்கிட்டு ஏப்பம் விட்டுடும். அதுவே 15 வாட் பொட்டின்னா 22 யூனிட்டோட முடிஞ்சிடும். சைஸும் பிரச்னை. எங்க வீட்டுல மழைக்காலத்துல வேர்க்காத சுவர் ஒண்ணே ஒண்ணுதான், அடுப்படியை ஒட்டின சுவர். அதுல இருக்குறது சின்ன அலமாரி.

அதனால மினி ஐடிஎக்ஸ். வியா கம்பெனி 2001-ல கொண்டு வந்த அளவு. 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர், நாலு பக்கமும் ஒரு சாணுக்குள்ள அடங்கிடும். ராஸ்பெர்ரி பை இன்னும் குட்டிதான். ஆனா டிஸ்க்கை யுஎஸ்பி வயர்ல தொங்க விடணும். எலி ஓடற அலமாரியில அந்த ரிஸ்க் வேண்டாம்.

மினி ஐடிஎக்ஸ்லயே ரெண்டு ஜாதி. ஒண்ணு, பிராசஸரைத் தனியா வாங்கிப் பொருத்துறது. நாலு சாட்டா போர்ட் கிடைக்கும், மெமரியில பிழை வந்தா தானே திருத்திக்கிற ஈசிசி ராம் போடவும் சிலதுல வழி இருக்கு (போர்டும் பிராசஸரும் ரெண்டுமே ஒத்துழைச்சாத்தான்). மனசு அங்கதான் போச்சு, பர்ஸ் போகலை. இன்னொண்ணு, பிராசஸர் போர்டுலயே ஒட்டி வர்றது. இன்டெல் 2023-ல விட்ட என்100 சிப்புக்கு 6 வாட்தான் கணக்கு. ஃபேன் வேண்டாம், தலையில ஒரு அலுமினியத் தகடு போதும்.

ஆறு சாட்டா போர்ட்டோட பேர் தெரியாத பிராண்டுகள் ஆசை காட்டுச்சு. பயாஸ் அப்டேட்டுக்கு யாரைக் கேக்கறது? ஏஎஸ்ராக்கோட என்100டிசி-ஐடிஎக்ஸை எடுத்தேன். சாட்டா ரெண்டுதான். ஆனா லேப்டாப் மாதிரி 19 வோல்ட் அடாப்டரைச் சொருகினா போதும், தனியா எஸ்எம்பிஎஸ் பொட்டி வேண்டாம். அடாப்டர் மட்டும் 90 வாட். ஏன்னா பெரிய டிஸ்க் ஒண்ணு சுத்த ஆரம்பிக்கிற அந்தச் சில நொடியில 24 வாட் வரைக்கும் கேக்கும். ரெண்டும் சேர்ந்து கிளம்பும்போது சின்ன அடாப்டர் திணறும்.

இன்னொரு சந்தேகம் இருந்தது. ஹார்டு டிஸ்க்குக்குள்ள ஹெட் மிதக்கறது காத்துலதானே, மலையில காத்து மெலிசாச்சே? நிறைய டிஸ்க்குகளுக்கு 3,048 மீட்டர் வரை அனுமதி. கொடைக்கானல் 2,100 சொச்சம். பழனி மலையிலயே உசரமான வந்தரவுல கொண்டு போய் வச்சாலும் ஓடும்!

மாட்டினதும் நான் முதல்ல போனது பயாஸுக்குள்ள. ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’னு ஒரு வரி இருக்கும், அதை ‘பவர் ஆன்’ ஆக்கணும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ இங்க மரம் சாய்ஞ்சு, கரண்ட் போனதெல்லாம் ஞாபகம் இருக்கில்ல? நான் ஹாஸ்டல்ல இருக்கும்போது பட்டனை அமுக்க அப்பாவை அலமாரி முன்னாடி நிக்க வைக்க முடியாது. ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் உண்டு, அது அணைச்சுட்டுப் படுக்கறதுக்கான அவகாசம் மட்டும்தான்.

ரெண்டு 4 டிபி டிஸ்க், ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் பதியும். இதை பேக்கப்னு நினைச்சுடாதீங்க. தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டுலயும் சுத்தமா போயிடும். இடி விழுந்தா ரெண்டும் சேர்ந்தே போகும். அதான் மூணாவதா ஒரு டிஸ்க் மதுரையில அக்கா வீட்டு பீரோவுல இருக்கு. மாசம் ஒரு தடவை பஸ் ஏறி, புடவை மடிப்புக்குள்ள சுத்தின டிஸ்க்கோட வத்தலகுண்டு வழியா இறங்குறேன்.

அப்பா ஒரு நாளைக்கு ரெண்டு ரோல் ஸ்கேன் பண்றார். தூசி தட்டறது, பூசணம் துடைக்கறது எல்லாம் அவர் டிபார்ட்மென்ட், என்னைத் தொடவே விடமாட்டார். இப்ப ஓடறது 1994 டின். அந்த வருஷம் குறிஞ்சி பூத்தது. 2006-ல பூத்ததும் ஃபிலிம்லதான் இருக்கு, 2018-ல பூத்தது மெமரி கார்டுல. அடுத்தது 2030. போர்டுல பிசிஐஇ ஸ்லாட் ஒண்ணு இன்னும் காலியா இருக்கு, சாட்டா கார்டு மாட்டினா இன்னும் ரெண்டு டிஸ்க் போடலாம். அதுக்கு இப்பவே ஒரு உண்டியல் வாங்கியாச்சு.