ஒரே மாத்திரை, இரண்டு விலை... முடிவு செய்வது யார்?

மாதம் 1,20,000 ரூபாய். அதே மருந்து, வேறு பெயரில், சுமார் 10,000 ரூபாய்.

2000-களின் தொடக்கத்தில் சி.எம்.எல் என்ற ரத்தப் புற்றுநோய் வந்த ஓர் இந்தியர் முன்னால் இருந்த இரண்டு விலைகள் இவை. முதலாவது, ஸ்விட்சர்லாந்து நிறுவனமான நோவார்ட்டிஸின் ‘க்ளிவெக்’. இரண்டாவது, அதே இமாடினிப் மருந்தை இந்திய நிறுவனங்கள் தயாரித்து விற்ற மாத்திரை. தினமும், பெரும்பாலானவர்கள் வருடக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. சாப்பிட்டால் வேலைக்குப் போகலாம், பிள்ளைகளின் கல்யாணத்தைப் பார்க்கலாம்.

இந்த இரண்டில் எது ஒரு வீட்டுக்குள் வரும் என்பதை டாக்டரோ, மெடிக்கல் ஷாப்காரரோ முடிவு செய்யவில்லை. ஒரு சர்வதேச வர்த்தக ஒப்பந்தமும், நம் நாடாளுமன்றம் எழுதிய ஒரு சட்டப்பிரிவும்தான் முடிவு செய்தன. ‘வர்த்தக ஒப்பந்தங்களால் நாட்டின் இறையாண்மை போய்விடுமா?’ என்ற கேள்வி டி.வி விவாதத்துக்கு மட்டுமே உரியதாகத் தெரியலாம். அதற்கு விடை தேட, இந்த மாத்திரையின் கதை போதும்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-ல் தந்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, 1970-ல் இந்தியா ஒரு காப்புரிமைச் சட்டம் இயற்றியது. அதன்படி மருந்துக்குக் காப்புரிமை கிடையாது. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு. வேறு வழியில் அதே மருந்தைத் தயாரித்தால் யாரும் தடுக்க முடியாது. இந்தியா மலிவான மருந்துகளின் தேசமாக வளர்ந்தது இப்படித்தான்.

1995-ல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதில் சேர்ந்த நாடுகள் ‘டிரிப்ஸ்’ என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தையும் ஏற்றாக வேண்டும். மருந்துக்கே 20 வருடக் காப்புரிமை என்பது அதன் நிபந்தனை. அதற்கு இந்தியாவுக்குக் கிடைத்த அவகாசம் 2005 வரை. இடைக்கால ஏற்பாடுகளை இந்தியா சரியாகச் செய்யவில்லை என்று அமெரிக்கா புகார் கொடுக்க, 1997-ல் அங்கே இந்தியா தோற்றது. 1999-ல் சட்டத்தைத் திருத்தியது. நம் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வெளியில் உள்ள ஓர் அமைப்பு சொன்னது, நாம் செய்தோம். ‘இறையாண்மை பறிபோகிறது’ என்பவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால், 2005 திருத்தத்தில் நாடாளுமன்றம் 3(டி) என்ற பிரிவையும் வலுவாக எழுதிவைத்தது. ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால், அதன் பலன் முன்பைவிடக் கூடியிருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றி, இன்னொரு 20 வருடம் கேட்க முடியாது.

சென்னையில் நடந்த வழக்கு

இமாடினிப் மெசிலேட்டின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு, நோவார்ட்டிஸ் 1998-ல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. இந்திய மருந்து நிறுவனங்கள் எதிர்த்தன. புற்றுநோயாளிகளுக்கான ஓர் உதவி அமைப்பும் எதிர்த்தது. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அது கேட்டது பெரிய விஷயம். 3(டி) பிரிவே டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்கும் அரசியல் சாசனத்துக்கும் எதிரானது என்றது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர்.பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் ஒப்பந்தத்துக்குப் பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டிய இடம் உலக வர்த்தக அமைப்பின் தகராறு தீர்க்கும் குழு, இந்த நீதிமன்றம் அல்ல என்றது. அரசியல் சாசன வாதத்தையும் ஏற்கவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுக்க ஒரு நாட்டால்தான் முடியும். நிறுவனத்தால் முடியாது. 3(டி)-க்கு எதிராக ஸ்விட்சர்லாந்து அங்கே வழக்கு போடவில்லை. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. 10,000 ரூபாய் மாத்திரை பிழைத்தது.

நிறுவனத்தின் தரப்பையும் சொல்ல வேண்டும். புது மருந்து கண்டுபிடிக்கப் பெரும் பணமும் பல வருட உழைப்பும் தேவை. காப்புரிமை இல்லாவிட்டால் யார் முதலீடு செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. இந்தியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு க்ளிவெக்கை இலவசமாகத் தருவதாகவும் நோவார்ட்டிஸ் சொன்னது. ஆனால், இலவசம் என்பது கொடுப்பவர் நினைக்கும் வரைதான். சட்டத்தால் வந்த குறைந்த விலைக்கு யாருடைய தயவும் தேவையில்லை.

கொலம்பியாவில் நடந்தது

அதே மருந்து, அதே நிறுவனம். தென் அமெரிக்காவின் கொலம்பியாவில் கதை வேறு மாதிரி போனது. அங்கே 2012-ல் நீதிமன்ற உத்தரவின் பேரில் காப்புரிமை கிடைத்தது. விலை கட்டுப்படியாகவில்லை என்று சுகாதார அமைப்புகள் போராட, மற்ற நிறுவனங்களும் தயாரிக்க அனுமதிக்கும் ‘கட்டாய உரிமம்’ பற்றி அரசு யோசித்தது. இது டிரிப்ஸே அனுமதிக்கும் வழி. 2001 தோஹா பிரகடனம் உறுதி செய்த வழி.

ஆனால், கொலம்பியாவுக்கும் ஸ்விட்சர்லாந்துக்கும் இடையே ஒரு முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தது. இந்த வகை ஒப்பந்தங்களில், நிறுவனமே ஒரு நாட்டின் மீது சர்வதேச நடுவர் மன்றத்தில் வழக்கு போடலாம். கட்டாய உரிமம் என்பது சொத்தைப் பறிமுதல் செய்வதற்குச் சமம் என்று ஸ்விஸ் அரசுத் தரப்பு கடிதம் எழுதியது. ஒப்பந்தத்தின் கீழ் தகராறு எழுப்பும் நோட்டீஸை 2016-ல் நிறுவனம் அனுப்பியது பின்னால் வெளியே வந்தது. கொலம்பியா கட்டாய உரிமம் தரவில்லை. விலையைச் சுமார் 44 சதவிகிதம் குறைத்ததோடு நிறுத்திக்கொண்டது.

விலை குறைந்ததே லாபம்தான். ஆனால், போட்டி வரவில்லை. வழக்கு நடக்கவே இல்லை. நடக்கலாம் என்ற பயமே ஓர் அரசை யோசிக்க வைக்கப் போதுமானது.

இனி பார்க்க வேண்டியது

ஆக, எல்லா ஒப்பந்தமும் ஒன்றல்ல. நாடும் நாடும் வழக்காடும் ஒப்பந்தத்தில் நமக்கு மூச்சுவிட இடம் இருந்தது. நிறுவனமே நாட்டை இழுக்கும் ஒப்பந்தத்தில் அந்த இடம் சுருங்குகிறது.

இந்தியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2011-ல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்திடம், நம் நீதிமன்றங்களின் தாமதத்துக்காக நடுவர் மன்றத்தில் தோற்ற பிறகு, புதிய மாதிரி ஒப்பந்தம் தயாரானது. முதலில் ஐந்து வருடம் உள்நாட்டில் வழி தேட வேண்டும். கட்டாய உரிமத்தைக் காரணம் காட்டி வழக்கு போட முடியாது என்று அதில் எழுதினார்கள். 50-க்கும் மேற்பட்ட நாடுகளுடனான பழைய ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ள நோட்டீஸும் போனது. ஆனால், ஐக்கிய அரபு அமீரகத்துடனான புதிய ஒப்பந்தத்தில் அந்த ஐந்து வருடம் மூன்றாகிவிட்டது.

2025 ஜூலை 24 அன்று இந்தியா - பிரிட்டன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, விஸ்கி விலை குறையும், கார் விலை குறையும் என்பதுதான் பரபரப்பாகப் பேசப்பட்டது. தோஹா பிரகடனத்தை ஏற்கும் அதே ஒப்பந்தத்தின் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயம், மருந்து மக்களுக்குக் கிடைக்க நிறுவனங்கள் தாமாக முன்வந்து உரிமம் தருவதே சிறந்த வழி என்கிறது. கட்டாய உரிமத்துக்கு இது தடை இல்லை. ஆனால், நாளை ஓர் அரசு அந்த உரிமத்தைத் தர நினைக்கும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டப்போவது இந்த வரியைத்தான்.

அடுத்த ஒப்பந்தச் செய்தி வரும்போது, எது மலிவாகும் என்று பார்ப்பது சரிதான். கூடவே இரண்டு விஷயங்களைத் தேடிப் படிக்கலாம். மருந்து பற்றி அதில் என்ன இருக்கிறது? நம் அரசின் மீது யார், எங்கே வழக்கு போடலாம்? 10,000 ரூபாய் மாத்திரையை நம்பி இருக்கும் வீடுகளுக்கு அந்தப் பக்கங்கள்தான் முக்கியம்.