ஓட்ஸ் மாவும் ஒரு மாத்திரை அட்டையும்

திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்களுக்கு அடி அண்ணாமலை தெரியாமல் இருக்காது. 14 கிலோமீட்டர் பாதையில் பாதி தூரம் தாண்டி, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கால் கேட்க ஆரம்பிக்கும் இடத்தில், மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கிற ஊர். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. பௌர்ணமி இரவில் தெருவே ஜனமாக இருக்கும். மறுநாள் காலையில் ஊர் பழையபடி ஆகிவிடும். மாடு, பம்புசெட், மல்லாட்டை, ரேஷன் கடை.

இந்த ஊரில் ஓட்ஸுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓட்ஸ் குளிர் பிரதேசத்துப் பயிர். இந்தியாவில் அது விளைகிறது, ஆனால் பெரும்பாலும் வட மாநிலங்களில், அதுவும் மாட்டுத் தீவனத்துக்காக. ஆனாலும் ரமணாசிரமம் பக்கம் வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்காக மளிகைக் கடைகளில் ஓட்ஸ் வந்தது. அப்புறம் சர்க்கரை வியாதி வந்தது. அதன் பின்னாலேயே ஓட்ஸ் உள்ளூர் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது!

அப்படி ஓட்ஸ் நுழைந்த ஒரு வீட்டின் கதை இது. கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீடு. மாமியாருக்கு 66 வயது, சர்க்கரை வந்து ஒன்பது வருடம். சமையல் மருமகள் பொறுப்பு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. யாரோ உறவுக்காரர் வந்தபோது, "ஓட்ஸ் மாவுல தோசை சுட்டுக் கொடு, சுகர் இறங்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆரம்பம்.

வாங்குவதா, செய்வதா?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம். காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஒரு பாடமே இருக்கிறது. ஒரு பொருளை வெளியில் வாங்குவது லாபமா, நாமே செய்வது லாபமா? ஓட்ஸ் மாவுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் விடை சீக்கிரம் வந்துவிடும். பாக்கெட் ஓட்ஸ் மாவில் இருப்பது ஓட்ஸ் மட்டும்தான். அரைத்ததற்கும் பாக்கெட்டுக்கும் சேர்த்துக் கூடுதல் காசு.

வீட்டில் அரைத்தால் என்ன செலவு? 750 வாட் மிக்ஸி இரண்டு நிமிடம் ஓடினால் 0.025 யூனிட் கரண்ட். அதாவது ஒரு யூனிட்டில் நாற்பதில் ஒரு பங்கு. சேதாரம் கிடையாது, 100 கிராம் ஓட்ஸ் போட்டால் 100 கிராம் மாவு. ஆனால் அளவில் குறையும், ஒரு டம்ளர் ஓட்ஸ் முக்கால் டம்ளர் மாவுதான் ஆகும். ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், காற்று போய்விட்டது, அவ்வளவுதான்.

மாவு மிஷினுக்குக் கொண்டு போகலாமே என்றால், அரை கிலோவுக்கு மிஷின் ஓட்டித் தர மாட்டார்கள். தந்தாலும் முன்னால் அரைத்த கோதுமை கொஞ்சம் கலந்து வரும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆபத்து. ஓட்ஸில் கோதுமையின் குளூட்டன் இல்லை என்றாலும், கடை ஓட்ஸில் பல சமயம் கோதுமை கலந்தே வருகிறது.

அரைக்கும் விதம்

1. மசாலா, சர்க்கரை எதுவும் சேர்க்காத வெறும் ஓட்ஸாக வாங்க வேண்டும். தட்டையாக, பெரிய அவலைப் போல இருப்பது நல்லது.

2. வெறும் வாணலியில் சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் வறுக்கவும். நிறம் மாறத் தேவையில்லை, வாசனை வந்தால் போதும்.

3. நன்றாக ஆறவிடவும். சூட்டோடு அரைத்தால் ஆவி வந்து மாவு கட்டி தட்டும்.

4. ஈரமில்லாத ஜாரில் பாதி வரை மட்டும் போட்டு, விட்டு விட்டு ஓட்டவும். நடுவில் ஒரு முறை கிளறிவிடவும். மூடியை உடனே திறந்தால் அடுப்படி முழுக்க விபூதிதான்!

5. சலித்து, மேலே நிற்கும் குருணையைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கவும். (அது பின்னால் உதவும்.)

ஒரு வாரத்துக்கு மேல் அரைத்து வைக்காமல் இருப்பது நல்லது. அரிசி மாவைப் போல இது மாதக்கணக்கில் தாங்காது. காரணம் கொழுப்பு. 100 கிராம் ஓட்ஸில் ஏழு கிராம் அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது. மாவானதும் காற்று பட்டுச் சிக்கு வாடை வந்துவிடும். கம்பு மாவு நாலே நாளில் கசப்பது எல்லோருக்கும் தெரியும் இல்லையா, அதே குடும்பத்துச் சமாச்சாரம்தான். கொழுப்பைக் கெடுக்கிற ஒரு நொதி இரண்டு தானியத்திலும் உண்டு. கடை ஓட்ஸை ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து அந்த நொதியை அடக்கிவிடுகிறார்கள். அதனால் கம்பை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். தீவன விதையை வாங்கி வீட்டில் அரைக்கவே கூடாது. கசக்கும், விதைக்கு மருந்தும் கலந்திருக்கலாம்.

தோசைக்கல்லில்

முதல் நாள் தோசை ஊற்றவே வரவில்லை. வழக்கம்போலக் கரைத்து அரை மணி நேரம் வைத்ததில் மாவு கொழகொழவென்று ஆகிவிட்டது. மாமியார் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இது, போஸ்டர் ஒட்டற பசை மாரி கீது?" என்றார்.

அந்தக் கொழகொழப்புதான் ஓட்ஸின் பெருமையே. அதன் பெயர் பீட்டா குளுக்கான், தண்ணீரில் கரையும் நார்ச்சத்து. அதனால் ஓட்ஸ் மாவைத் தனியாகக் கரைக்காமல், இரண்டு பங்குக்கு ஒரு பங்கு அரிசி மாவும் கொஞ்சம் ரவையும் மோரும் சேர்த்து, நீர்க்கக் கரைத்து, பத்து நிமிடத்துக்குள் ரவா தோசை மாதிரி ஊற்றிவிட வேண்டும். சப்பாத்திக்கு என்றால் மூன்று பங்கு கோதுமைக்கு ஒரு பங்கு போதும், அதற்கு மேல் போனால் தேய்க்கும்போதே பிய்ந்துவிடும். சூப்பும் குருமாவும் கெட்டியாக ஒரு ஸ்பூன் போதும். வறுத்த மல்லாட்டை, வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மூன்றாம் நாள் தோசை நன்றாக வந்தது. மாமியார் ஐந்து சாப்பிட்டார். மருந்து ஆயிற்றே, எத்தனை சாப்பிட்டால் என்ன!

கணக்கு உதைத்த இடம்

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் விரலில் குத்திப் பார்த்தார். இறங்கியிருக்க வேண்டிய சுகர் ஏறியிருந்தது. மருமகளுக்கு நம்ப முடியவில்லை. கருவி தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து மறுபடியும் பார்க்கச் சொன்னார். அதே எண்தான்.

அன்று ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதுதான் விஷயம் வெளிவந்தது. அட்டையில் நாலு மாத்திரை இருக்க வேண்டிய நாளில் எட்டு இருந்தது. ஸ்டாக் உதைக்கிறது!

"அத்தை, மாத்திரை போடலயா?"

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அதான் ஓட்ஸ் துன்றேனே. ரெண்டும் சேந்தா மயக்கம் வந்துடும்னு பயம். ஒம்போது வருஷமா முழுங்கறேம்மா, போதும்னு இருந்துச்சி."

கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அந்தக் கடைசி வரிக்கு மேல் யாரால் கோபப்பட முடியும்? மருமகள் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தப்பு மாத்திரையில் மட்டும் இல்லை, மாவிலும் இருக்கிறது. ஓட்ஸ் நல்லது என்பது பொய்யில்லை. தினம் மூன்று கிராம் பீட்டா குளுக்கான் உள்ளே போனால் கெட்ட கொழுப்பு குறைய உதவும் என்பதை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1997-இலேயே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த மூன்று கிராமுக்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். அந்த 75 கிராமில் பாதிக்கு மேல் மாவுச்சத்துதான். ஓட்ஸும் ஒரு தானியம்தானே!

அடுத்தது அரைப்பது. சாப்பிட்ட உணவு எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்பதற்கு கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று ஓர் அளவு உண்டு. தட்டை ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சினால் அது சுமார் 55. மெல்லிசாக நறுக்கி, ஒரே நிமிடத்தில் வேகும்படி செய்த இன்ஸ்டன்ட் ஓட்ஸுக்கு 80-ஐ நெருங்கும். ஒரே தானியம்தான்! பல்லும் வயிறும் செய்ய வேண்டிய வேலையை இயந்திரம் முன்கூட்டியே செய்துவிட்டால், சர்க்கரை அவ்வளவு சீக்கிரம் ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது. வீட்டு மிக்ஸியும் அதே வேலையைத்தான் செய்கிறது. எந்தக் குணத்துக்காக ஓட்ஸை வாங்கினார்களோ, அந்தக் குணத்தில் ஒரு பங்கு ஜாரிலேயே போய்விடுகிறது. அதற்கு மேல் அரிசி மாவு, ரவை, ஐந்து தோசை, போடாத மாத்திரை. சுகர் எப்படி இறங்கும்?

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் பத்து கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். அத்தனை வீடுகளிலும் ஏதோ ஒரு மாவு 'மருந்து' என்ற பெயரில் டப்பாவில் இருக்கும். இன்றைக்கு ஓட்ஸ், நாளைக்கு வேறொன்று. இதே மாவட்டத்து ஜவ்வாது மலையில் விளையும் சாமையும் அருமையான தானியம், ஓட்ஸைப் போலக் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. ஆனால் அதையும் நைஸாக அரைத்து ஐந்து தோசை சாப்பிட்டால் இதே கதைதான்.

இப்போது

அந்த வீட்டில் ஓட்ஸ் நிற்கவில்லை. சலித்து எடுத்து வைத்த குருணைதான் இப்போது கதாநாயகன். மிக்ஸியை நாலே சுற்றில் நிறுத்தி, ரவை பதத்தில் எடுத்து, ஊறவைத்து அரைத்த பச்சைப் பயறும் முருங்கைக் கீரையும் சேர்த்து அடை. எண்ணி இரண்டு. சில நாள் அதே குருணையில் காய்கறி போட்ட உப்புமா. நைஸ் மாவு பிள்ளைகளின் உருண்டைக்குப் போகிறது.

மாத்திரைக்கும் ஒரு வழி செய்திருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் மயக்க பயத்தைச் சொன்னபோது, சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொன்னார், தானாக நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். இப்போது ஓட்ஸ் டப்பாவின் மூடி மேலேயே அட்டை இருக்கிறது. ஒன்றை எடுக்காமல் மற்றதைத் திறக்க முடியாது.

அடுத்த முறை சுகாதாரப் பணியாளர் வந்தபோது எண் குறைந்திருந்தது. ஓட்ஸாலா, மாத்திரையாலா, எண்ணிச் சாப்பிட்டதாலா? பிரித்துச் சொல்ல முடியாது. உறவுக்காரர் போன வாரம் போன் பண்ணி, "பாத்தியா, நான் சொன்னேன்ல, ஓட்ஸ்!" என்றாராம். மாமியார் சிரித்துக்கொண்டே போனை மருமகளிடம் கொடுத்துவிட்டார்.