இராசாவுக்கு மூன்று

ஒரு சமுதாயம் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் உண்மைகளை அதன் விளையாட்டுக்கள் விதிகளாக வகுத்து வைத்திருப்பதுண்டு. இலங்கையில் பெருவழக்கான ‘முந்நூற்று நான்கு’ என்னும் சீட்டாட்டம் அத்தகையது.

அரச கந்தோர் ஒன்றுக்குப் புதிதாக நியமனம் பெற்றுவந்த இளம் இலிகிதன் ஒருவன் இவ்வாட்டத்தை அங்கேதான் கண்டறிந்தான். மதிய இடைவேளையில், உணவுப் பொதிகளை மடித்தெறிந்த கையோடு, நால்வர் மேசையைச் சூழ்ந்து அமர்வர். எதிரெதிரே இருப்போர் கூட்டாளிகள். சில நிமிடங்களில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆட்டத்துக்கு வேண்டியவை முப்பத்திரண்டு சீட்டுக்களே. முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. அவற்றை மட்டும் பார்த்துத் தத்தம் கேள்வியைக் கூறவேண்டும். கூடுதலாகக் கேட்டவர் துரும்பைத் தெரிந்து மூடிவைப்பார். மீதி நான்கும் அதன் பின்னரே கைக்கு வரும். பாதி தெரிந்த நிலையில் முழுவதற்கும் வாக்களித்தலே கேள்வியாகும்.

புள்ளிகளின் ஒழுங்கு அவனை வியப்பில் ஆழ்த்தியது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10. இராசாவுக்கோ 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனங்களுக்கும் 304. யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியில் ஜாக்கின் பெயர் ‘பூர்’. கமக்காரன் என்பது அதன் பொருள். கலாவரை, ஸ்கோப்பன் என்னும் சீட்டுப் பெயர்களும் ‘கந்தோர்’ என்னும் சொல்லும் அம்மொழியின் வழிவந்தனவே. கந்தோரில் எல்லாவற்றுக்கும் மேலே இராசா; சீட்டுக்கட்டிலோ அவனினும் பத்து மடங்கு பெறுமதி கமக்காரனுக்கு!

ஒருநாள் பிரதம இலிகிதருக்குக் கூட்டாளியாக வாய்த்தவர், கோப்புக்கள் சுமக்கும் சிற்றூழியர். காலையில் தொலைந்த கடிதம் ஒன்றுக்காக அவரே ஏச்சு வாங்கியிருந்தார். அக்கடிதமோ அவர் கைக்கு வந்ததேயில்லை. ஆட்டத்தில் பிரதம இலிகிதர் துணிந்து கேட்டார், தோற்றார். பழக்கதோஷத்தால் அவரது பார்வை எதிரே திரும்பியது. “கேட்டது நீங்கள்தானே, ஐயா” என்றார் சிற்றூழியர், மிகப் பணிவாக. மேசையில் எவரும் சிரிக்கவில்லை. பிரதம இலிகிதர் சீட்டுக்களை ஒன்றுசேர்த்து, “ஓம், நான்தான்” என்றார்.

கந்தோரில் பொறுப்பு எப்போதும் கீழ்நோக்கியே வழியும். மேலே இடப்பட்ட ஒப்பத்தின் தவறு கீழே சுமப்பவனின் தவறாக முடியும். சீட்டுமேசையில் அது இயலாது. நட்டத்தைக் கூட்டாளியும் பகிர்கிறான். எனினும் கேள்வி எவருடையது என்பதை நால்வரும் கேட்டிருக்கின்றனர்.

இடைவேளை முடிந்ததும் பதவிகள் தத்தம் நாற்காலிகளுக்கு மீண்டன. அரைமணி நேர ஆட்டம் ஓர் அமைப்பை மாற்றிவிடும் என எண்ணுவது பேதைமை. ஆயினும் மறுவாரம் இன்னொரு கடிதம் காணாமற்போனபோது, அதை இறுதியாகப் பெற்றுக்கொண்டவர் யார் என்று பதிவேட்டைப் பார்க்கும்படி பிரதம இலிகிதர் பணித்தார். ஏச்சு அதன் பின்னரே வந்தது. அதுவும் உரியவருக்கே சென்றது.