சாக்ஸ் வாசனைக்கு மயங்கும் சிலந்தி!

கென்யாவின் மேற்குப் பகுதியில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் மீன்பிடி ஊர் எம்பிட்டா. எதிரே ருசிங்கா தீவு. சில நாள்களில் ஏரியின் மேல் கரும்புகை எழும்புவதுபோல இருக்கும். பக்கத்தில் வந்தால்தான் தெரியும், அத்தனையும் ஏரி ஈக்கள்! இவை கடிக்காது. பயப்பட வேண்டியது, வீட்டுச் சுவரில் இவற்றோடு வந்து உட்காரும் அனோஃபிலிஸ் கொசுவுக்குத்தான். ஆப்பிரிக்காவில் மலேரியாவுக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

அதே சுவரில்தான் நம் கதாநாயகனும் இருக்கிறான். பெயர் 'எவார்ச்சா குலிசிவோரா'. அரை சென்டிமீட்டர் அளவுள்ள தாவும் சிலந்தி. கென்யா, உகாண்டா பக்கத்து ஏரிக்கரைகளில் வாழும் இதை 2003-ல்தான் புதிய இனமாக அறிவித்தார்கள்.

இதற்கு ரத்தம் பிடிக்கும். ஆனால், நம் தோலைத் துளைத்துக் குடிக்கும் வாய் இல்லை. அதனால் ரத்தம் குடித்து வயிறு உப்பிய பெண் கொசுவைத் தேடிப் பிடிக்கிறது. அத்தனை ஈக்களுக்கு நடுவே எப்படி அடையாளம் தெரியும்? அனோஃபிலிஸ் உட்காரும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும். குட்டிச் சிலந்திகள் சுற்றிக்கொண்டு பின்னால் போய், தூக்கிய வயிற்றுக்கு அடியில் நுழைந்து, ஒரே தாவல். வேட்டைக்கு வலையெல்லாம் கிடையாது.

மனித வாசனையும் இதற்குப் பிடிக்கும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபியோனா கிராஸும் ராபர்ட் ஜாக்சனும் போட்டுக் கழற்றிய சாக்ஸை வைத்தே இதைச் சோதித்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது: துவைத்த சாக்ஸைவிட அழுக்கு சாக்ஸ் வாசனையில்தான் சிலந்திகள் அதிக நேரம் தங்கின. (எங்கள் ஹாஸ்டல் அறை கிடைத்திருந்தால் ஆய்வு சீக்கிரம் முடிந்திருக்கும்!) வேலியோரத்து உண்ணிச்செடி, ஆமணக்கு வாசனைக்கும் இது வருகிறது.

அப்படியானால் வீட்டுக்கு நாலு சிலந்தி வளர்த்தால் மலேரியா ஒழியுமா? அவ்வளவு சுலபமில்லை. சிலந்தி பிடிக்கும் கொசு, ஏற்கெனவே யாரையோ கடித்துவிட்டுத்தான் வந்திருக்கும். ஆனால், நோயாளியின் ரத்தத்தோடு உள்ளே போன மலேரியா கிருமி அடுத்தவருக்குப் பரவும் நிலைக்கு வளர, கொசுவின் உடலில் பத்து நாளுக்கு மேல் ஆகலாம். அதற்குள் கொசு சிலந்தியின் வாய்க்குப் போய்விட்டால், அடுத்த கடி இல்லை.

கொசுவலையை அவிழ்த்துவிட முடியாதுதான். ஆனால் சுவரில் சிலந்தியைப் பார்த்ததும் துடைப்பத்தைத் தூக்கும் பழக்கத்தை, எம்பிட்டாவிலாவது கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.