சிறு கசிவு

"சிறு துளி பெரு வெள்ளம்" என்னும் பழமொழியைப் பொருள் சேர்ப்பார்க்கு ஊக்கமூட்டவே நம்மவர் பெரும்பாலும் எடுத்தாளுவர். சேர்வதற்கு உரிய அவ்விதி கழிவதற்கும் உரியதே என்பதை யாம் அறிந்தது நூற்கல்வியினால் அன்று; இருபதாண்டு கடந்த ஒரு மோட்டார் வண்டியினாலேயாம். அவ்வரலாற்றை மாணவ நண்பர்கட்கு உரைப்பது சிறிதேனும் பயன் தரும் என நம்பி இதனை எழுதத் துணிந்தோம்.

மேற்படிப்பின் பொருட்டு அமெரிக்க நாட்டின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மினியாபொலிஸ் நகரில் யாம் சில ஆண்டு வதிந்தோம். அங்கே ஜனவரி மாதத்து இரவுகளில் குளிர் பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரி சென்டிகிரேட் வரை இறங்குதல் அரிதன்று. பாளையங்கோட்டை வெயிலில் வளர்ந்த எமக்கு வண்டியின்றி அக்காலத்தைக் கழித்தல் இயலாதென்று தோன்றவே, கையிலிருந்த சிறு தொகைக்கேற்ற பழைய வண்டியொன்றை வாங்கினோம். அடுத்த தெருவில் திருநெல்வேலிச் சீமையினரான ஓர் அண்ணாச்சி குடும்பத்துடன் வாழ்ந்துவந்தார். அவருடைய ஏழு வயது மகள் பயின்ற பள்ளி எமது வழியில் இருந்தமையால், காலைதோறும் அவளை அழைத்துச் செல்லும் பொறுப்பினை யாமே விரும்பி ஏற்றுக்கொண்டோம்.

குளிர்நாட்டு வண்டியினுள் வெப்பம் உண்டாகும் விதத்தை ஈண்டுக் கூறுதல் வேண்டும். எஞ்சினைக் குளிர்விப்பதற்காக அதனைச் சுற்றியோடும் கூலண்ட் என்னும் திரவம், அதன் சூட்டைத் தான் வாங்கிக்கொள்ளுகின்றது. அதில் ஒரு பகுதி இரண்டு ரப்பர்க் குழாய்களின் வழியே டாஷ்போர்டின் பின்புறம் மறைந்துள்ள ஒரு சிறு ரேடியேட்டருக்குச் சென்று மீளும். ஹீட்டர் கோர் எனப்படுவது அதுவே. விசிறியொன்று அதன் ஊடே காற்றைச் செலுத்த, அக்காற்று வெம்மையுற்று நம்மீதும் முன்கண்ணாடியின்மீதும் வீசும். ஆகவே ஹீட்டர் என்பது சுகத்திற்கு மட்டும் உரியதன்று. கண்ணாடியில் படியும் பனியை அகற்றி ஓட்டுவோனுக்குக் கண்ணளிப்பதும் அதுவே.

டிசம்பர் மாதத்து ஒரு காலையில், பின்னிருக்கையிலிருந்த சிறுமி, "சித்தப்பா, காருக்குள்ளே யாரோ பாகு காய்ச்சுகிறார்கள்" என்றாள். யாம் நகைத்தோம். சின்னாட்களில் முன்கண்ணாடியின் உட்புறம் மங்கலாயிற்று, துணியால் துடைத்தோம், எண்ணெய்ப் பசைபோன்ற ஒரு படலம் மீண்டும் மீண்டும் படிந்தது. முன்னிருக்கையின் வலப்புறத்துக் கால்விரிப்பு ஈரமாயிருக்கக் கண்டு, காலணிகளில் ஒட்டிய பனி உருகியதென்று எம்மையே தேற்றிக்கொண்டோம். கூலண்ட் தொட்டியில் மட்டம் தாழவே, வாரந்தோறும் ஊற்றி நிரப்பினோம். இனிய மணம், பசைப்படலம், ஈரவிரிப்பு, தாழும் மட்டம் ஆகிய நான்கும் ஒரே நோயின் குறிகள். யாமோ ஒவ்வொரு குறிக்கும் ஒவ்வொரு சமாதானம் கற்பித்து, நான்கையும் ஒருங்கு வைத்து நோக்காது விட்டோம்.

பின்னர் ஐயம் மிகவே, கசிவை அடைக்கும் என்று கடைகளில் விற்கும் மருந்து ஒரு புட்டி வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினோம். மூன்று வாரம் மணம் ஒழிந்தது. பெருஞ்செலவின்றித் தப்பினோம் என்று இறுமாந்தோம். ஆனால் அம்மருந்து ஓட்டையையும் நல்வழியையும் பகுத்தறியாது. கோரின் குறுகிய குழல்களிலும் படிந்தமையால் ஹீட்டரின் வெம்மை குன்றியது. ஓட்டையோ மீண்டும் திறந்துகொண்டது.

பிப்ரவரியில் ஒரு நாட்காலை, பள்ளிக்கு இரண்டு தெரு இருக்கையில், டாஷ்போர்டின் துவாரங்களினின்றும் வெண்மையான ஆவி குபீரென எழுந்தது. இமைப்பொழுதில் முன்கண்ணாடி முற்றும் மூடுண்டது. பிரேக்கை மிதித்தோம்; சக்கரங்கள் பனிக்கட்டியில் வழுக்க, வண்டி சிறிது தூரம் தானே சென்று நின்றது. கதவைத் திறந்து நோக்கியபோது, எமக்கு முன்னே இரண்டு முழத் தொலைவில், தெருவைக் கடந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் அசையாது நின்றார். அவர் ஒன்றுங் கூறாது தலையை அசைத்து அப்பாற் சென்றார். "சித்தப்பா, அந்தத் தாத்தாவை நீங்கள் பார்க்கவில்லையா?" என்று சிறுமி வினவினாள். அதற்கு எம்மிடம் விடையில்லை.

அன்று மாலை அண்ணாச்சியிடம் நிகழ்ந்ததனைத்தையும் மறையாது கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "தம்பி, பழைய வண்டி பழுதாவது குற்றமில்லை. பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவன், பிள்ளை சொன்னதைக் காதில் வாங்கியிருக்க வேண்டாமா?" என்றார். கடிந்து பேசியிருப்பினும் அவ்வளவு சுட்டிராது.

அவ்விரவே கோருக்குச் செல்லும் இரு குழாய்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்து, கசிவை நிறுத்தினோம். எஞ்சின் பிழைத்தது, ஹீட்டர் இல்லாதொழிந்தது. கண்ணாடியைத் தெளிவிக்க வழியில்லாத வண்டியில் பிள்ளையை ஏற்றுவதில்லை என உறுதிகொண்டு, இருவரும் பஸ்ஸில் சென்றோம். பழுது பார்ப்போரை வினவியபோது, புதிய கோரின் விலை சிறிதென்றும், டாஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலியோ வண்டியின் விலையினும் மிகும் என்றும் தெரியவந்தது. ஆதலின் அண்ணாச்சியின் கொட்டகையில், அவர் துணையுடன், ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் யாமே அவ்வேலையில் ஈடுபட்டோம்.

முதலில் எஞ்சின் ஆறியபின் கூலண்டை ஒரு பாத்திரத்தில் வடித்து மூடிவைத்தோம். 1856-ஆம் ஆண்டில் வுர்ட்ஸ் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர் முதன்முதல் ஆக்கிய எத்திலின் கிளைக்கால் என்னும் பொருளே அதில் பெரும்பங்கு. அது தித்திப்பானது, அத்தித்திப்பினாலேயே நாய்களும் குழந்தைகளும் நக்கி உயிர்துறக்க நேரும் நஞ்சாகும். சிறுமி நுகர்ந்த பாகு மணம் இதுவே என்று உணர்ந்தபோது எம் உள்ளம் நடுங்கியது. அடுத்து, காற்றுப்பைகள் தற்செயலாக வெடியாதிருக்கப் பேட்டரியின் இணைப்பை நீக்கி, சிறிது நேரம் பொறுத்திருந்தோம். கழற்றிய திருகாணிகளை முட்டைத் தட்டின் குழிகளில் வரிசையாக இட்டு எண் எழுதினோம். கோரின் முனைகளில் இறுகிய ரப்பர்க் குழாய்களை இழுத்துப் பிடுங்காமல், நீளவாக்கில் கீறி உரித்தோம்.

இரண்டாம் நாள் நண்பகலில் கோர் கையில் வந்தது. ஒரு புத்தகத்தின் அளவே உள்ள அதன் ஓரத்துப் பொருத்தில், ஊசிமுனையினும் சிறியதோர் ஓட்டையைச் சுற்றிப் பசுமையான உப்புப் படிந்திருந்தது. கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்துகளும் கலந்துள்ளன. காலஞ் செல்ல அவை தீர்ந்துபோம். பின்னர் அத்திரவமே உலோகத்தை அரிக்கும். வாங்கிய நாள்முதல் யாம் குறைந்ததை நிரப்பினோமேயன்றி, பழையதை மாற்றினோமல்லோம்.

உள்வழிகளை நன்னீரால் அலம்பி, புதிய கோரைப் பொருத்தி, கூலண்டும் வடிநீரும் சரிபாதி கலந்து ஊற்றினோம். தனிக் கிளைக்கால் பூஜ்யத்திற்குக் கீழ் 13 டிகிரி அளவில் உறையும். பாதி நீர் கலந்ததோ 37 டிகிரி அளவுவரை உறையாது. பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று முழுதும் குமிழியிட்டு வெளியேறுமளவும் காத்திருந்தோம்.

திங்கட்கிழமை காலை சிறுமி வண்டியில் ஏறினாள். கண்ணாடி தெளிந்திருந்தது, வெதுவெதுப்பான காற்று வீசிற்று. "பாகு மணம் வருகிறதா, பார் அம்மா" என்று யாமே கேட்டோம். அவள் மூக்கை உயர்த்தி நன்றாக முகர்ந்து, "இல்லை, சித்தப்பா" என்றாள். அதன் பின்னரே வண்டியைக் கிளப்பினோம். அவ்வண்டி எம்மிடம் இருந்த அளவும் காலைதோறும் அக்கேள்வியைக் கேட்டு, அவள் விடைக்குக் காத்திருந்தே புறப்படுவது எமக்கு வழக்கமாயிற்று.